ஜெபிக்காமல் விட்ட ஒரு கதவு

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, என் குற்றத்தைச் சொல்லாமல் ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்ல முடியாது. அதனால் குற்றத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கடலூரில் நாங்கள் புது வீடு கட்டியதும், சிதம்பரத்தில் தனியாக இருந்த என் மாமனாரை எங்களோடு அழைத்து வந்தோம். எண்பதை நெருங்குகிறவர். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பாத்ரூமுக்கு டைல்ஸ் எடுத்தது நான். பளபளவென்று இருக்க வேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். கதவு வெளியே திறந்தால் சாப்பாட்டு மேசையில் இடிக்கும் என்று, உள்ளே திறக்கும்படி வைக்கச் சொன்னதும் நான்தான். வாசலில் உயரமாக ஒரு படி வேறு. மாமா அதைத் தாண்டும்போதெல்லாம் சுவரைத் தடவுவார். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன்.

வீட்டுப் பிரதிஷ்டை அன்று போதகர் ஒவ்வோர் அறையிலும் நின்று ஜெபித்தார். அந்தக் கதவருகே வந்ததும், "அது பாத்ரூம் ஐயா, நீங்க இப்பிடி வாங்க" என்று சிரித்துக்கொண்டே திருப்பிவிட்டேன்.

போன மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கணவர் குடிகாடு பக்கம் கம்பெனிக்குப் போய்விட்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். குளிக்கப் போன மாமா தடாலென்று விழுந்த சத்தம் கேட்டது. ஓடினேன். உள்ளே தாழ்ப்பாள். மருமகள் இருக்கும் வீடு என்பதால் அவர் தாழ்ப்பாள் போடாமல் குளிக்கவே மாட்டார்.

கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. பக்கத்து வீட்டுத் தச்சர் செல்வம் ஓடி வந்து கதவின் அடியில் குனிந்து பார்த்தார்.

"அக்கா, பெரியவரு தல கதவுலயே இருக்கு. ஒடச்சா அவுரு மேலதான் விழும். அவுரு கொஞ்சம் நவுந்தாத்தான்."

கதவுக்கு வெளியே தரையிலேயே முழங்கால் போட்டேன். ஜெபிக்க ஒரு வார்த்தை வரவில்லை. என்ன கேட்பது? நான் வைத்த கதவு அது. அழுகையோடு அழுகையாக, மாமா தினமும் குடும்ப ஜெபத்தில் பாடும் கீர்த்தனைதான் வாயில் வந்தது. பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடினேன்.

எத்தனையாவது தடவை என்று தெரியாது. உள்ளேயிருந்து மெல்லிய குரல் அடுத்த வரியை எடுத்தது.

"மாமா! கதவ விட்டு நவுருங்க மாமா!"

"நவுர்றேம்மா... உள்ள வந்துடாதீங்க. துணியில்ல. துண்ட எடுத்துக்கிறேன்."

இடுப்பெலும்பு முறிந்து கிடந்தவர் முதலில் தேடியது துண்டைத்தான். அவர் "இப்ப வாங்க" என்ற பிறகுதான் செல்வம் கதவின் மேல்பகுதியை அறுத்து, கையை விட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தார்.

சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நடைப்பயிற்சி கொடுத்த அம்மா என்னிடம் கறாராகச் சொன்னார்: "அவுரு நடந்துடுவாரு. மொதல்ல உங்க வீட்ட மாத்துங்க."

மாற்றினோம். படியை இடித்துத் தரையைச் சமமாக்கினோம். என் பளபள டைல்ஸைப் பெயர்த்துவிட்டுச் சொரசொரப்பானது போட்டோம். சுவரில் கைப்பிடிக் கம்பி, உட்கார்ந்து குளிக்க ஒரு இருக்கை. அகலமான புதுக் கதவு வெளியே திறக்கும். சாப்பாட்டு மேசைதான் நகர்ந்துகொண்டது. தாழ்ப்பாளை மட்டும் விட மாமாவுக்கு மனசில்லை. வெளியிலிருந்தும் திறக்கிற பூட்டு என்றதும் முகம் வாடிவிட்டது. இரண்டு நாள் கழித்து அவரே ஒரு வழி சொன்னார்.

"அந்தப் பூட்டே போடுங்க. நான் பாடிக்கிட்டே குளிக்கிறேன். பாட்டு கேக்குற வரைக்கும் யாரும் கிட்ட வரக் கூடாது. நின்னுச்சுன்னா கூப்புடு. பதில் வரலன்னா தொற."

போதகரை மறுபடி அழைத்தோம். "ஐயா, மொதல்ல இங்க" என்று அந்தக் கதவைத்தான் திறந்தேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று ஜெபித்தார். நான் வெட்கப்படாமல் அழுதேன்.

அன்பானவர்களே, பெரியவர்கள் உள்ள வீட்டில் அவர்கள் நடக்கிற வழியில் ஒருமுறை நடந்து பாருங்கள். அவர்கள் எங்கே சுவரைத் தடவுகிறார்களோ அங்கே நின்று ஜெபியுங்கள். எழுந்து, அதைச் சரிசெய்யுங்கள். வார்த்தை வராத என் ஜெபத்தையே கேட்ட தேவன் உங்கள் ஜெபத்தையும் கேட்பார்.

இன்று காலை பாட்டு சட்டென்று நின்றது. அடுப்பை அப்படியே விட்டு, "மாமா!" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா. அடுத்த அடி மறந்துபோச்சு. நீ எடுத்துக் குடு."

எடுத்துக் கொடுத்தேன். ஆண்டவருக்கே ஸ்தோத்திரம்.