கழுத்தில் நுழையாத நல்ல மனசு

தொயோகோவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அந்தத் துறைமுக ஊரில் எல்லோருக்கும் தெரியும். மீன் கூடத்தில் பாதி ஆயுசு கானாங்கெளுத்தி அறுத்தவள். ஓய்வு பெற்றபோது கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள், நாக்கு மட்டும் கையோடு வந்துவிட்டது. அவளைப் பின்னல் குழுவில் சேர்த்தவள் நோபுவே என்ற குழுத் தலைவி. எந்த வேளையில் சேர்த்தோமோ என்று அவள் நொந்துகொள்ள அதிக நாள் ஆகவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் மேற்குக் கரையில் நிலம் குலுங்கி, வீடிழந்தவர்கள் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடங்களில் படுத்திருந்தார்கள். அங்கிருக்கும் வயசானவர்களுக்கு ஸ்வெட்டர் பின்னி அனுப்புவதென்று குழு முடிவு செய்தது. மார்பளவு, கழுத்தளவு எல்லாம் அங்கிருந்து கேட்டு வாங்கியாயிற்று. எல்லோரும் ஆசையாக ஊசியை எடுத்தபோது தொயோகோ குறுக்கே நின்றாள். முதலில் மாதிரித் துண்டு பின்ன வேண்டும் என்றாள்.

பின்னுகிறவர்களுக்கு இதைவிட எரிச்சலான வேலை கிடையாது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு பின்னி, கழுவி, காயவைத்து, அதில் எத்தனை கண்ணி விழுந்திருக்கிறது என்று எண்ண வேண்டும். ஆளுக்கு ஆள் கை இறுக்கம் மாறும், அதோடு ஸ்வெட்டரின் அளவும் மாறும். கணக்கு ஒத்துவராவிட்டால் ஊசியை மாற்றி மறுபடி இன்னொரு துண்டு. நூலும் தண்டம், நாளும் தண்டம்.

“அங்க ஜனங்க குளிர்ல நடுங்குது. நாம இங்க துண்டு தோய்ச்சுக் காயப்போட்டுட்டு உக்காந்திருக்கோம்,” என்றாள் நோபுவே. “கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா என்ன, தொயோகோ சான்? நல்ல மனசோட பின்னினா போதாதா?”

“நல்ல மனசு கழுத்துல நுழையுமா?”

குழுவிலிருந்த தமாயோ கொண்டுவந்த துண்டுகளைத் தொயோகோ திருப்பித் திருப்பி அனுப்பினாள். “என் மாமியார்கூட என்னை இந்தப் பாடு படுத்தினதில்ல,” என்று தமாயோ குளிர்காயும் மண்ணெண்ணெய் அடுப்பைப் பார்த்து முணுமுணுத்தாள். தொயோகோவின் காதில் நன்றாகவே விழுந்தது.

தன் கோபத்தின் காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பல வருடங்களுக்கு முன் பேரலை அடித்தபோது அவளும் புருஷன் எய்சாகுவும் இப்படித்தான் ஒரு கூடத்தில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்திருந்தார்கள். எங்கிருந்தோ ஒரு பின்னல் குழு வந்தது, கூடவே படம் பிடிக்கிற ஆளும் வந்தான். எய்சாகு பருத்த மீனவன். அவன் தலை அந்த ஸ்வெட்டரின் கழுத்தில் நுழையவில்லை. இரண்டு பேர் பிடித்து இழுத்து மாட்டினார்கள். காது சிவந்து, கை முழங்கையோடு நின்று, தொப்புள் தெரிந்தது. கூடமே சிரித்தது. அவனும் சிரித்து, குனிந்து வணங்கி, நன்றி சொன்னான். வசந்தத்தில் அவன் இதயம் நின்றுபோனது. வீட்டிலிருந்த படங்களையெல்லாம் கடல் கொண்டுபோயிருந்தது. வீட்டுப் பூஜை மாடத்தில் வைக்க அந்தக் கோமாளிப் படம்தான் மிச்சம். தினமும் காலையில் அவனுக்குச் சோறு படைக்கும்போது அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது.

பெட்டி கட்டும் நாள் வந்தது. அங்கிருந்த ஒரு கிழத் தச்சருக்காகத் தான் பின்னிய ஸ்வெட்டரைத் தொயோகோ மேசையில் விரித்து டேப் வைத்தாள். மார்பில் நாலு விரற்கடை குறைந்தது. மறுபடி வைத்தாள், அதேதான். அப்புறம்தான் புரிந்தது. மாதிரித் துண்டைப் போகவரத் திருப்பிப் பின்னியிருந்தாள், ஸ்வெட்டரை வட்ட ஊசியில் சுற்றிச் சுற்றிப் பின்னியிருந்தாள். திரும்பி வரும் வரிசையில் அவள் கை தளரும். சுற்றிப் பின்னும்போது அந்த வரிசையே இல்லாததால் இறுகிக்கொண்டே போயிருக்கிறது.

“நாட்டாமைக்கே இந்தக் கதியா?” என்றாள் தமாயோ.

நோபுவே தொயோகோவின் தோளைத் தொட்டாள். “பரவால்ல, பெட்டியில வைங்க. குளிருக்கு எது கிடைச்சாலும் அவருக்குச் சந்தோஷம்தான்.”

தமாயோவின் நக்கலைக்கூடத் தொயோகோ பொறுத்துக்கொண்டிருப்பாள். இந்தக் கனிவைப் பொறுக்க முடியவில்லை. கழுத்தோரத்தில் முடிச்சை அறுத்து, எல்லோரும் பார்க்க ஸ்வெட்டரை அவிழ்க்கத் தொடங்கினாள். வரிசை வரிசையாக நூல் சுருண்டு தரையில் விழுந்தது.

“பைத்தியமா உங்களுக்கு?” நோபுவேயின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. “வண்டி வாசல்ல நிக்குது. அந்தக் கிழவர் குளிர்ல கிடக்கட்டும், உங்க ரோஷம்தான் பெருசு, இல்ல?”

அது உண்மைதான். அதனால் தொயோகோவுக்கு இன்னும் கோபம் வந்தது.

“என் வீட்டுக்காரருக்கும் இப்படி ஒண்ணு வந்துச்சு,” என்றாள் தொயோகோ, நூலை இழுத்துக்கொண்டே. “மாட்டிவிட்டுப் படம் பிடிச்சாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அவங்க போனதும் கழட்டி மடிச்சு வெச்சாரு. குளிருதான்னு கேட்டேன். அதுக்கு அவரு, ‘நான் சரியாச் சிரிச்சேனா? பின்னினவங்க மனசு நோகாதே?’ன்னு என்னைக் கேட்டாரு. நடுங்கிட்டே கேட்டாரு.”

வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். தமாயோ போய் மற்ற பெட்டிகளை ஏற்றிவிட்டு வந்தாள்.

தொயோகோ ஊசியில் முதல் கண்ணியை ஏற்றப் பார்த்தாள். நூலை இழுத்த இழுப்பில் கண்ணி இறுகிக்கொண்டது. நோபுவே பக்கத்தில் உட்கார்ந்து ஊசியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

“இந்தக் கோபத்துல பின்னினா இன்னும் இறுகிடும். அளவைச் சொல்லுங்க, நான் பின்னறேன்.”

“முதல்ல துண்டு பின்னுங்க,” என்றாள் தொயோகோ. “வட்டமா.”