கத்தி யார் கையில்

கடையில் புதுப் பெண் யாராவது நூலைக் கையில் எடுத்தால், நாற்காலியில் சாய்ந்திருக்கும் வாடிக்கையாளரிடம் சந்திரமதி அக்கா ஒன்று சொல்வார். "இவ புதுசு. நான் பக்கத்துல நிக்கிறேன். சரியா, இல்ல நானே எடுக்கவா?" டன்லப் ஸ்ட்ரீட் பக்கம் புருவம் எடுக்கும் எங்கள் கடையில் பதினாறு வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் சரி என்பார்கள். மீதிப் பேர் "நீங்களே எடுங்கக்கா" என்பார்கள். அக்கா முகம் சுளிக்காமல் நூலை வாங்கிப் பல்லில் கடித்துக்கொள்வார்.

முதலாளி ரகுபதிக்கு இது அறவே பிடிக்காது.

"எதுக்குக்கா வாயக் குடுத்து வம்ப வாங்குறீங்க? சொல்லாட்டி அவங்களுக்குத் தெரியவா போவுது?"

"தெரியாதுல்ல? அதான் சொல்றேன்."

அக்கா பிறந்தது புக்கிட் மேராவில். கணவர் காலமான பிறகு ஆங் மோ கியோ வீட்டில் தனியாக இருக்கிறார். வயது ஐம்பத்தேழு. அதில் பாதி இந்த நூலோடு போனது. பார்ப்பதற்கு லேசான வேலை. நூலின் ஒரு முனை பல்லில் இருக்கும். மீதியை இரண்டு கை விரல்களும் முறுக்கிப் பிடித்து, திறந்து மூடி, திறந்து மூடி முடியைப் பிடுங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஐம்பது முகம்கூட வரும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. நூல் நழுவியது. டீக் கோப்பை விழுந்தது. மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது, அதை அழுத்தும் தசைநாரை அறுத்து விட்டால்தான் சரியாகும் என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முதலில் வலது கை, சில மாதம் கழித்து இடது.

வலது கைக்கு நான்தான் துணைக்குப் போனேன். நர்ஸ் தாள்களைக் கொண்டுவந்து, "இங்க ஒரு சைன், இங்க ஒண்ணு" என்று விரலை வைத்துக் காட்டினாள்.

"யாரும்மா பண்ணப் போறது?" என்று அக்கா கேட்டார்.

"பெரிய டாக்டர்தான் ஆன்ட்டி. கவலப்படாதீங்க."

அக்கா கையெழுத்துப் போட்டார். தாளை நாங்கள் இருவரும் படிக்கவில்லை. அது ஆங்கிலத்தில் இருந்தது. படித்துக் காட்டுங்கள் என்று கேட்க எனக்குக் கூச்சம்.

அந்த ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுப்பதில்லை. கைக்கு மட்டும் மரத்துப்போகிற ஊசி. முகத்துக்கும் கைக்கும் நடுவே துணியைக் கட்டிவிடுவார்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாது, காது நன்றாகக் கேட்கும். வீட்டுக்குப் போகும் டாக்சியில் அக்கா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"அமலா, அந்தப் பெரிய டாக்டரு 'ஸ்லோலி, ஸ்லோலி'ங்கிறாரு. அப்புறம் 'ஸ்டாப், ஸ்டாப்'ங்கிறாரு. தனக்குத் தானே யாராச்சும் ஸ்டாப்னு சொல்லிக்குவாங்களாடி?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. கத்தியைப் பிடித்திருந்தது வேறு கை.

வலது கை நன்றாகவே ஆறியது. ஆறு வாரத்தில் விரல்களில் உணர்ச்சி திரும்பிவிட்டது. அதனால் அக்காவின் கோபம் யாருக்கும் புரியவில்லை. "கைதான் நல்லாருக்கே, அப்புறம் என்ன?" என்றார் ரகுபதி. அக்கா கையெழுத்துப் போட்ட தாளின் நகலை வாங்கிப் படித்துவிட்டு, மற்ற மருத்துவர்களும் இந்தச் சிகிச்சையைச் செய்யலாம் என்று அதில் ஒரு வரி இருப்பதையும் காட்டினார். "சைன் போட்டது நீங்கதானே?"

"போட்டேன். கேட்டுட்டுத்தான் போட்டேன். கேட்டதுக்குப் பொய் சொன்னாங்க."

இடது கைக்கு நாள் வந்தபோது அக்கா அதே ஆஸ்பத்திரிக்குப் போனார். வேறு இடம் பார்க்கலாம் என்று நான் சொன்னதற்கு, "நான் ஏன் ஓடணும்?" என்றார். அப்போது இடது விரல்கள் மிகவும் மோசமாகிவிட்டன. அன்றைக்கு நடக்காவிட்டால் அடுத்த தேதிக்கு நாலு மாதம் ஆகும். அதுவரை வேலைக்குப் போக முடியுமா என்பதே சந்தேகம்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் தாளையும் பேனாவையும் ஒரு இளம் டாக்டர் கொண்டுவந்து கொடுத்தார். சட்டையில் ரமீஸ் என்று பெயர் இருந்தது. தமிழ் பேசுவார்.

"யாரு வெட்டப் போறது தம்பி?"

"எங்க டீம் ஆன்ட்டி."

"டீமுக்குக் கை கிடையாது. ஒரு ஆளுக்குத்தான் கை இருக்கும். யாரு?"

அவர் தாளைப் பார்த்தார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார். "போன தடவ நான்தான் ஆன்ட்டி. எங்க பெரியவரு டாக்டர் கோ பக்கத்துலயே நின்னாரு."

நான் கட்டிலைச் சுற்றியிருந்த திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அவர் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா வேணாம்னு சொல்லிடுவீங்கன்னு..."

"சொல்லிருப்பேனோ என்னமோ. வேணாம்னு சொல்றதுக்கும் எனக்கு வாய் இருக்குல்ல? அத ஏன் நீங்க எடுத்துக்கிட்டீங்க?"

அக்கா தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். "உங்க பெரியவர வரச் சொல்லுங்க."

டாக்டர் கோ வந்தார். அவசரத்தில் இருந்தார். வலது கையைத் திருப்பிப் பார்த்து, நன்றாக ஆறியிருக்கிறதே, என்ன பிரச்சினை என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஹேண்ட் குட்," என்றார் அக்கா. "ஐ நாட் குட். ஹூ கட்?"

இது மருத்துவர்கள் பயிற்சி பெறும் ஆஸ்பத்திரி, அவர்களும் எங்காவது கற்றுக்கொள்ள வேண்டாமா, கையெழுத்துப் போடாவிட்டால் இன்றைய இடம் போய்விடும் என்று அவர் விளக்கினார். அக்கா ரமீஸ் பக்கம் திரும்பினார்.

"நான் சொல்றத அப்படியே சொல்லு தம்பி. கத்துக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா? எங்கிட்ட இருபது புள்ளைங்க தொழில் கத்துக்கிட்டுப் போயிருக்கு. ஒரு புருவத்துக்கே நான் கேக்குறேன். இவரு கத்திய வச்சிக்கிட்டுக் கேக்க மாட்டேங்கிறாரு. வெக்கமா இல்லயான்னு கேளு."

"ஆன்ட்டி... வெக்கத்தையும் சொல்லணுமா?"

"அதத்தான் மொதல்ல சொல்லணும்."

ரமீஸ் சொன்னார். எவ்வளவு சொன்னார் என்று தெரியாது, ஆனால் டாக்டர் கோவின் முகம் சிவந்தது. நாலு மாதம் காத்திருக்க முடியுமா என்று மட்டும் கேட்டார்.

"காத்திருக்கேன்லா. நூல வாயாலயே இழுத்துக்கிறேன்."

அக்கா இடது கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். டாக்டர் கோ ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ரமீஸ்தான் செய்யப்போகிறார், இதுவரை இதுபோல் பதினொன்று செய்திருக்கிறார், நான் முழு நேரமும் பக்கத்தில் இருப்பேன், நீங்கள் வேண்டாம் என்றால் நானே செய்கிறேன் என்றார். வார்த்தை வார்த்தையாக, ரமீஸ் தமிழில் சொல்வதற்காக நின்று நின்று சொன்னார்.

"இத எழுதிக் குடுக்கச் சொல்லு."

அக்கா எடுத்துக் கொடுத்த தாளின் ஓரத்தில் டாக்டர் கோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். அக்கா அதை என்னிடம் கொடுத்து எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னார். எனக்கு ஏழு நிமிடம் ஆனது. டாக்டர்கள் இருவரும் காத்துக்கொண்டு இருந்தார்கள். எனக்கும் அன்றைக்குக் கூச்சம் வரவில்லை.

படித்து முடித்ததும் அக்கா ரமீஸை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீயே பண்ணு. ஒவ்வொண்ணும் எனக்குக் கேக்குற மாதிரி வாயால சொல்லிச் சொல்லிப் பண்ணு. 'ஸ்டாப்'னு வந்தா ஏன்னு எனக்கும் சொல்லு."

ரமீஸ் அப்படியே செய்தார் என்று அக்கா சொன்னார். இரண்டு முறை ஸ்டாப் வந்ததாம். இரண்டு முறையும் காரணம் சொன்னாராம்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. அக்கா முழு நேரமும் வேலை செய்கிறார். இடது கட்டைவிரல் நுனியில் மட்டும் இன்னும் உணர்ச்சி சரியாகத் திரும்பவில்லை. "பெரியவரையே பண்ணச் சொல்லிருக்கலாம்" என்று ரகுபதி குத்திக் காட்டினால், "சரின்னு சொன்னது நான், மரத்துப்போனது என் விரலு, உங்களுக்கு எங்க வலிக்குது?" என்பார். அவர் சொல்லச் சொல்ல ஆஸ்பத்திரிக்கு நான் தமிழிலேயே ஒரு கடிதம் எழுதினேன். யார் அறுக்கிறார் என்ற பெயர் தாளில் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தோம். கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. தாளில் 'மற்ற மருத்துவர்களும் செய்யலாம்' என்ற அந்த வரி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. எங்கள் இரண்டாவது கடிதம் போன திங்கட்கிழமை போய்விட்டது.