பெட்டியில் இல்லாத அளவுக்கட்டை

சிற்றம்பலத்தாரிடம் என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ஒரு ஆணிக் கொம்பனியிலை" என்று சொல்லிவிட்டு உடனே மழையைப் பற்றிப் பேசத் தொடங்குவார். நானும் இரண்டு வருடம் அதை நம்பினேன்.

என் தொழில் சாமான் ஏற்றுகிற வான் ஓட்டுவது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அரிசி, மிளகாய்த்தூள், முருங்கைக்காய், கருவாடு எல்லாவற்றையும் வானில் ஏற்றிக்கொண்டு, ஜெர்மனியில் ஊன்ட்றொப்பிலிருந்து தெற்கே மலைப்பக்கமாகப் போவேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கிற நம்முடைய ஆட்களின் வாசலில் இறக்கிக் கொடுப்பேன். அந்தப் பாதையில் கடைசி வீடு அவருடையது. தனி ஒருவருக்காக நாற்பது கிலோமீட்டர் ஓடுகிறேனே என்று வழிநெடுகப் புறுபுறுத்துக்கொண்டுதான் போவேன். ஐந்து கிலோ அரிசியும் ஒரு பை மிளகாய்த்தூளும் ஒரு துண்டு இஞ்சியும் வாங்குவார். ஆனால் ஒன்றரை மணித்தியாலம் என்னைப் போகவிட மாட்டார். நான் வான் சாவியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே இருப்பேன். அவர் அதைக் காணாதவர் மாதிரி பால் விடாத பிளேன்ரீ இன்னொன்று ஊற்றுவார்.

உண்மை வெளிவந்தது 2003இல். சமையலறை மேசையில் ஒரு துப்பாக்கிப் படம் கிடந்தது. பென்சிலால் கீறி, பக்கத்தில் அளவுகள் எழுதியிருந்தது.

"அண்ணை, இது துவக்கெல்லோ?"

அவர் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். அந்த வீட்டில் எங்களைத் தவிர ஒரு குருவிகூட இல்லை.

"வேட்டைத் துவக்கு, அந்தோனி. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. துவக்குக்குப் பயந்து ஓடிவந்த மனுசன் இங்கை துவக்குச் செய்யிறான் எண்டு சிரிப்பினம். இல்லாட்டி ஊர்ச் சண்டைக்குச் செய்யிறான் எண்டு யோசிப்பினம். ரண்டும் எனக்கு வேண்டாம்."

இந்த ஒரு காரணத்துக்காக மனிதர் கோயில் திருவிழாவுக்கு வருவதில்லை, கலியாண வீட்டுக்குப் போவதில்லை. 1986இல் வந்தவர். அகதி வழக்கு ஒன்பது வருடம் இழுபட்டது. பேசி வைத்த பெண் ஐந்து வருடம் பார்த்துவிட்டுக் கனடாவில் ஒருவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். நியாயம்தானே என்று அவரே சொல்வார். துவக்குப் பட்டறைக்குக் கூட்டித் துடைக்கப் போனவர், கடைசல் இயந்திரத்தைப் பார்த்துப் பார்த்தே பழகி, பத்து வருடத்தில் அதன் முன்னால் நிற்கிற ஆளாகிவிட்டார். பட்டறையில் முதலாளியான மைஸ்டரும் அவரும் மட்டும். மைஸ்டர் முன்னால் கடையில் நிற்பார், இவர் பின்னால்.

அவர் கைபட்ட விசேஷம் ஒரு நட். துவக்கின் குழலை மாற்றுவதென்றால் முன்பு ஒரு நாள் வேலை. குழலின் அடிப்பகுதியை மயிரிழை மயிரிழையாகக் கடைந்து, பூட்டிப் பார்த்து, கழற்றி, மறுபடி கடைய வேண்டும். நட் இருந்தால் அந்தப் பாடு இல்லை. குழலைச் சுழற்றி உள்ளே விட்டு, வேண்டிய ஆழம் வந்ததும் அந்த நட்டை இறுக்கினால் குழல் அந்த இடத்திலேயே நிற்கும். ஆழம் சரியா என்று பார்க்க ஒவ்வொரு குழலுக்கும் இரண்டு அளவுக்கட்டைகள் உண்டு. தோட்டா மாதிரியே இருக்கும், விரலளவு உருக்கு. முதலாவது கட்டையைப் போட்டால் துவக்கின் பூட்டு மூட வேண்டும். இரண்டாவதைப் போட்டால் மூடக்கூடாது. மூடினால் குழல் தள்ளி நிற்கிறது என்று அர்த்தம். சுடுகிறவனின் முகத்துக்கு ஆபத்து. நட்டை இறுக்கும்போது குழல் கொஞ்சம் அசையும் என்பதால், இறுக்கின பிறகும் இரண்டாவது கட்டையைப் போட்டுப் பார்த்தே தீர வேண்டும். இதை எனக்கு ஒரு பேனையையும் போத்தல் மூடியையும் வைத்து மூன்று தரம் விளங்கப்படுத்தினார். முதல் தரமே எனக்கு விளங்கிவிட்டது என்று சொல்ல மனம் வரவில்லை.

அவர் வாழ்க்கையில் என்னைத் தவிர இன்னொரு ஆளும் இருந்தார். ஹெர் புறூக்மன். மூன்று ஊர் தள்ளி இருக்கிற ஒரு கிழவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை. மே மாதம் மான் வேட்டை தொடங்குவதால் ஏப்ரல் கடைசியில் துவக்கைக் கொண்டுவந்து சின்னக் குழலைப் பூட்டுவிப்பார். பன்றி வேட்டைக்காக ஒக்டோபர் கடைசியில் பெரிய குழல். அந்த நட்டைச் செய்தவர் சிற்றம்பலத்தார் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் கடையில் காத்திருப்பதில்லை. நேரே பின்னால் வந்து ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொள்வார். அன்றைக்கு இவர் பிளாஸ்கில் இஞ்சிப் பிளேன்ரீ கொண்டுபோவார். கிழவருக்கு அது பிடிக்கும். அரை மணித்தியால வேலையை ஒன்றரை மணித்தியாலம் செய்வார்கள். வருடத்துக்கு இரண்டு தரம், எட்டு வருடம். கணக்குப் பார்த்தால் ஒரு முழு நாள் வரும்.

ஒவ்வொரு முறையும் எழும்பும்போது புறூக்மன் சொல்வாராம்: "ஒருநாள் வீட்டுப்பக்கம் வாருங்கள்."

"போனியளோ?" என்று கேட்டேன்.

"இல்லை. திகதி ஒண்டும் சொல்லேல்லையே. டெர்மின் சொல்லாமல் வரச் சொன்னால், அது சும்மா மரியாதைக்குச் சொல்லுறதாம். முதல் இருந்த முகாமிலை எங்களுக்குச் சொல்லித் தந்தவை."

ஊரில் அடுத்த வீட்டு அடுப்படிவரை கேட்காமல் போய் வந்த ஆட்கள்தான் நாங்கள். இங்கே வந்து ஒரு வருடத்தில் அதைத் துடைத்தெறிந்துவிட்டு, ஜெர்மன்காரனைவிட ஜெர்மன்காரர் ஆகிவிட்டோம்.

2005 தொடக்கத்தில் மைஸ்டருக்கு ஒரு யோசனை வந்தது. நட்டைக் கழற்றும் சாவி, குழலைப் பிடிக்கும் கிடுக்கி, அளவுக்கட்டைகள் எல்லாவற்றையும் ஒரு மரப்பெட்டியில் வைத்துக் கொடுத்தால், பதிவு செய்த இரண்டு குழல் வைத்திருக்கிறவர்கள் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். பட்டறைக்கு அலையத் தேவையில்லை. முதல் பெட்டி பழைய வாடிக்கையாளர் புறூக்மனுக்கு. செய்ய வேண்டியவர் சிற்றம்பலத்தார்.

அவர் செய்தார். நான் மார்ச்சில் போனபோது அந்தப் பெட்டியைப் பற்றியே பேசினார். சாவியின் பற்கள் நட்டில் எப்படி ஒட்டி உட்காருகின்றன, கட்டைகளுக்கு எப்படிக் குழி வெட்டினேன் என்று. இனிமேல் அந்தக் கிழவர் பட்டறைக்கு வர மாட்டார் என்பதை மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வான் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தேன்.

மே மாதத்தில் மூன்றாவது சனிக்கிழமை போனேன். கதவைத் திறந்தவர் சப்பாத்தோடும் ஜக்கெற்றோடும் நின்றார். சாமான் ஒன்றும் வாங்கவில்லை.

"அந்தோனி, என்னை ஓரிடத்துக்குக் கொண்டுபோவியோ?"

"எங்கை?"

ஜக்கெற் பையிலிருந்து ஒரு உருக்குக் கட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"புறூக்மன்ரை பெட்டியிலை இருக்கவேண்டியது. சின்னக் குழலுக்கான ரண்டாவது கட்டை. நான்தான் வைக்கேல்லை."

"மறந்துபோனியளோ?"

"இல்லை. தெரிஞ்சுதான் எடுத்தனான். திறந்து பார்த்தால் ஒண்டு குறையுது எண்டு கொண்டு வருவார்தானே எண்டு நினைச்சன். ஏப்ரல் முடிஞ்சுது, வரேல்லை. மே பிறந்து மூண்டு கிழமை. அவர் இது இல்லாமலே பூட்டியிருந்தால்..."

நெற்றி முழுக்க வியர்வை. இரண்டு கிழமையாகப் படுத்தால் அந்தப் பூட்டு வெடிக்கிற சத்தம்தான் கேட்கிறதாம். மூன்று தரம் டெலிபோன் எடுத்து, மணி அடித்ததும் வைத்துவிட்டாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒருவரோடு இருந்து தேநீர் குடிக்கிறதுக்கு இப்படியும் ஒரு வழியா! ஆனால் என்னையும் மாதாமாதம் அவர் எப்படி மறித்து வைத்திருந்தார் என்று நினைத்தபோது, திட்ட வாய் வரவில்லை.

பாதி வழியில் அவர் சொன்னார்: "டெர்மின் இல்லாமல் போறம், என்ன நினைப்பாரோ?"

"ஆளின்ரை முகம் இருக்கோ இல்லையோ எண்டு தெரியாது, நீங்கள் டெர்மினைப் பற்றிக் கதைக்கிறியள்! பேசாமல் இருங்கோ."

வீடு ஒரு சரிவில் இருந்தது. நான் வானில் இருந்தேன், கண்ணாடி இறக்கியிருந்தது. அவர் மணியை அழுத்திவிட்டு இரண்டு படி கீழே இறங்கி நின்றார். கதவு திறந்தது. கிழவர் முழுசாக இருந்தார். வீட்டுச் செருப்பு, சவரம் செய்யாத முகம். அந்த முகம் மலர்ந்ததை நான் கேற்றடியிலிருந்தே கண்டேன்.

"ஹெர் சிற்றம்பலம்! எட்டு வருடம் கூப்பிட்டு இன்றைக்குத்தான் வழி தெரிந்ததா? உள்ளே வாருங்கள், கேக் இருக்கிறது."

இவர் அசையவில்லை. "குழலை மாற்றினீர்களா?"

"இல்லை. பெட்டியைத் திறக்கவே இல்லை." கிழவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். "இனி நான் பட்டறைக்கு வந்து உங்கள் தலைக்கு மேல் உட்காரத் தேவையில்லை என்று பெட்டியைத் தரும்போது உங்கள் மைஸ்டர் சொன்னார். நீங்கள்தான் அப்படிக் கேட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். எத்தனை தரம் கூப்பிட்டும் நீங்கள் வரவில்லை. உங்களுக்கு அது வேலை மட்டும்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். இந்த வருடம் மானுக்கே போகவில்லை."

கடவுளே, இந்த மனிதர் இப்போது வாயை மூடிக்கொண்டு உள்ளே போகட்டும் என்று வேண்டினேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கேக்கைச் சாப்பிட்டுவிட்டு, பெட்டியைக் காட்டச் சொல்லி, கட்டையை மெதுவாக அதன் குழியில் வைத்துவிட்டால் போதும். யாருக்குத் தெரியப்போகிறது?

ஆனால் இரண்டு தரம் அளந்து பார்த்தே பழகிய மனிதர் அவர். பையில் கைவிட்டுக் கட்டையை எடுத்து நீட்டினார். தெரிந்துதான் எடுத்தேன் என்றார். ஏன் என்று கிழவர் கேட்டார்.

"நீங்கள் வரவேண்டும் என்று."

புறூக்மன் கட்டையை வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். அந்தக் குரலில் இருந்த மலர்ச்சி போய்விட்டது.

"துவக்கை நான் முகத்தோடு ஒட்டி வைத்துத்தான் சுடுகிறேன், ஹெர் சிற்றம்பலம்."

கட்டையோடு உள்ளே போனார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார். அவரைத் திரும்ப அவர் வீட்டில் கொண்டுவந்து விட்டேன். இறங்கும்போது, "முருங்கைக்காய் இருக்கோ?" என்று மட்டும் கேட்டார். நான் காசு வாங்கவில்லை.

ஜூனில் நான் போனபோது மிச்சக் கதை கிடைத்தது. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு வந்த புதன்கிழமை, புறூக்மன் துவக்கையும் பெட்டியையும் பட்டறைக்குக் கொண்டுவந்தாராம். மைஸ்டரிடம் ஒரு வார்த்தைகூடக் காட்டிக்கொடுக்கவில்லை. குழலை மாற்ற வேண்டும், சிற்றம்பலம்தான் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கடைப்பக்கமே நின்றாராம். பெட்டியைத் திறந்தபோது இரண்டாவது கட்டை அதன் குழியில் இருந்தது. இவர் இருபத்தைந்து நிமிடத்தில் வேலையை முடித்தார். இறுக்கினார், இரண்டாவது கட்டையைப் போட்டார், பூட்டு மூடவில்லை. மறுபடி போட்டார், மூடவில்லை. மைஸ்டர் துவக்கை எடுத்துக்கொண்டு போனார்.

"பிறகு?"

"பிறகு அவர் அதைக் கொண்டுபோய்க் காரிலை வைச்சிட்டு, முன் சீற்றிலை ஏறி இருந்தார். பின் ஜன்னலாலை எனக்குத் தெரிஞ்சது. கார் வெளிக்கிடேல்லை. கண்ணாடியை இறக்கிப்போட்டு அப்பிடியே இருந்தார், பட்டறைப் பக்கம் பார்த்துக்கொண்டு. ஒரு மணித்தியாலத்துக்கு மேலை. பிறகு போயிட்டார்."

கடையில் நின்ற நேரத்தையும் காரில் இருந்த நேரத்தையும் கூட்டிப் பார்த்தேன். ஒன்றரை மணித்தியாலம்.

"நீங்கள் வெளியிலை போய்க் கதைச்சனீங்களோ?"

"இல்லை."

"ஏன் அண்ணை?" நான் மேசையில் அடித்தே கேட்டேன். "பத்து அடி தூரம்! அந்த மனுசன் வேறை என்னத்துக்கு அங்கை இருந்தது?"

சிற்றம்பலத்தார் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல.

"அவர் கூப்பிடேல்லையே, தம்பி."

அவருக்கு எப்படிச் சொல்லி விளங்கவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பேனையையும் போத்தல் மூடியையும் வைத்து விளங்கப்படுத்துகிற விஷயமா இது? அரிசி இறக்கியாகிவிட்டது, வெளியே வெயில், எனக்கு வீட்டுக்குப் போக இன்னும் நெடுந்தூரம். அவர் அன்றைக்கு என்னை மறிக்கவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பத் தயாராக எழும்பியும்விட்டார்.

நான் வான் சாவியை மேசையில் வைத்தேன்.

"ஒரு பிளேன்ரீ போடுங்கோ, அண்ணை," என்றேன். "இஞ்சி போட்டு."