மைனஸ் மூணு

நம்பாதவங்க என் மாமா கழுத்தை வந்து பார்த்துக்கலாம். சட்டைக் காலரைக் கொஞ்சம் இறக்கினா போதும், நான் சொல்றது உண்மையா பொய்யான்னு தெரிஞ்சிடும்.

மாமான்னா அக்கா வீட்டுக்காரர். பழைய கார் விக்கிற கடைக்குப் படம் எடுத்துக் கொடுக்கிறது அவர் பொழப்பு. நெட்டில் காரைப் பார்த்து நாக்கைத் தொங்கப் போடுறோமே, அதுக்கெல்லாம் இவர் மாதிரி ஆளுங்கதான் காரணம். கடைசியில் அவரே ஒரு காரில் மயங்கிட்டார். வெள்ளைக் கார், சல்லிசான விலை. அக்காவுக்கு அப்போ எட்டு மாசம். ஆஸ்பத்திரிக்கு பைக்கில் போக அவ படுற பாட்டைப் பார்த்து மனுஷன் நொந்து போயிருந்தார். குழந்தை பிறக்கிறதுக்குள்ள கார் வாங்கியே தீரணும்னு ஒத்தக்காலில் நின்னார்.

"படத்தை எடுத்துட்டு முடிவைச் சொல்லு. நெட்டில் ஏத்திட்டா எவனாவது கொத்திக்கிட்டுப் போயிடுவான்"னு கடை முதலாளி சொன்னார்.

பட்டப்பகல். கடைக்குப் பின்னாடி தகரக் கொட்டகை. அங்கே காரும் மாமாவும் மட்டும்தான்.

வெள்ளைக் காரைப் படம் எடுக்கிறதில் ஒரு சூட்சுமம் உண்டு. வெள்ளையைப் பார்த்ததும் கேமரா வெளிச்சம் ஜாஸ்தின்னு ஏமாந்து, படத்தை அழுக்காக்கிடும். அதனால எக்ஸ்போஷரை, அதாவது படத்தோட வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி, பிளஸ் ஒண்ணில் வைக்கணும். கேமரா முதுகில், வலது கட்டைவிரல் படுற இடத்தில் அதுக்குன்னே ஒரு சக்கரம் இருக்கு. மாமா தூக்கத்தில்கூட அதைத் திருப்புவார்.

முன்பக்கத்தை எடுத்தார். பளிச்சுன்னு வந்தது. பின்கதவைத் திறந்து சீட்டை எடுத்தார். கன்னங்கரேல்னு வந்தது. பார்த்தா சக்கரம் மைனஸ் மூணில் நிக்குது.

விரல் பட்டிருக்கும்னு நினைச்சுத் திருப்பி வச்சார். மறுபடி எடுத்தார். மறுபடி மைனஸ் மூணு. வேற எங்கே எடுத்தாலும் ஒழுங்கா வருது. பின்சீட்டுன்னா மட்டும் இருட்டு. பேட்டரியைக் கழற்றி மாட்டினார். செட்டிங் எல்லாத்தையும் அழிச்சு முதல்லேருந்து போட்டார். எனக்குப் போன் வந்தது.

"மாப்ள, சக்கரம் தானா சுத்துமாடா?"

"விரல் தட்டுது மாமா. டேப் போட்டு ஒட்டுங்க."

ஒட்டினார். கறுப்பு டேப், நல்லா இறுக்கமா. கேமராவைப் பின்சீட்டுப் பக்கம் திருப்பினார்.

கர்ர்... கர்ர்...

டேப்போட சேர்ந்தே சக்கரம் சுத்துது. இன்னொருத்தனா இருந்தா ஓடியிருப்பான். எங்க மாமா முன்கோபி. கட்டைவிரலால் அழுத்திப் பிடிச்சார். அது நிக்கல. சொரசொரப்பான விளிம்பு விரல் தோலை வழிச்சுக்கிட்டே போச்சு. ரத்தம் மணிக்கட்டு வரைக்கும் ஒழுகிச்சு.

"சனியனே, உள்ள வந்தே எடுக்கிறேன்"னு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

டப்.

கதவு சாத்திக்கிச்சு.

தோளுக்குப் பின்னாடி ஏதோ சர்ர்ர்னு இறங்குச்சு...

பெல்ட். மாருக்குக் குறுக்கே இல்ல. கழுத்தில்.

வெட்டி இழுத்தது. மண்டை பின்னாடி போய் மோதுச்சு. விட்டது. மறுபடி இழுத்தது. பெல்ட்டைப் பிறாண்டினதில் நகம் பேந்து வந்திடுச்சு. கத்தப் பார்த்தார். நாக்குதான் வெளியே வந்தது.

கேமராவால் ஜன்னலை அடிச்சார்.

லென்ஸ் நொறுங்குச்சு.

அடிச்சார்...

கண்ணாடி உடைஞ்சது. பெல்ட் விட்ட ஒரு நொடியில் அந்த ஓட்டை வழியா உடம்பைத் திணிச்சு, வயிறு கிழிய வெளியே விழுந்தார். சத்தம் கேட்டு ஓடி வந்தவங்க தூக்கிட்டுப் போனாங்க.

உசிர் பிழைச்சார். குரல்வளை நசுங்கிப் போனதால பேச்சு மட்டும் வரல. நடந்ததையெல்லாம் அப்புறம் எழுதித்தான் காட்டினார்.

கேமரா சுக்குநூறு. உள்ளே இருந்த மெமரி கார்டு தப்பிச்சிருந்தது. அந்தக் கறுப்புப் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு வெளிச்சத்தைக் கூட்டினேன். பின்சீட்டு மெல்லத் தெரிஞ்சது. ஆள் யாரும் இல்ல. ஆனா பெல்ட் மாட்டியிருந்தது. யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி முன்னாடி புடைச்சுக்கிட்டு நின்னது.

முதலாளிகிட்ட காட்டினேன். அவர் முகம் செத்துப் போச்சு.

"அந்த சீட்டுக்கு பெல்ட்டே கிடையாதுப்பா."

"ஏன்?"

"மாசமா இருந்த ஒரு பொண்ணு. அவ புருஷன் அந்த பெல்ட்டாலதான் நெரிச்சுக் கொன்னான். போலீஸ் அறுத்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. இப்பவும் கோர்ட்டில்தான் இருக்கு."

போய்த் தடவிப் பார்த்தேன். பெல்ட் வர்ற இடத்தில் வெறும் ஓட்டை.

ஆஸ்பத்திரியில் மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காகிட்ட சொன்னேன். அவ அழல.

"முந்தின நாள் ஓட்டிப் பார்க்கப் போனோம்டா. நான் பின்னாடிதான் உட்கார்ந்தேன்."

"சரி..."

"பெல்ட் போட்டிருந்தேன்."

"அந்த சீட்டுக்குத்தான் பெல்ட்டே இல்லையேக்கா!"

"நான் போடல. அசதியில கண்ணை மூடியிருந்தேன். பக்கத்திலேருந்து மாட்டிவிட்டு, வயித்தைத் தடவிக் கொடுத்தது. இவர்தான்னு நினைச்சேன்."

மாமாவைப் பார்த்தேன். அவர் தலை இல்லைன்னு ஆடிச்சு.