ஒரு வேண்டுதலும் இல்லாத நடை

திருச்செந்தூருக்கு நடந்து போகப் போகிறேன் என்று நான் சொன்னபோது என் வீட்டுக்காரர் கடையில் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். பொட்டலத்திலிருந்து கண்ணை எடுக்காமல் "எதுக்கு?" என்றார். அந்த ஒரு கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் அத்தோடு பேச்சு முடிந்திருக்கும். என் நடையும் முடிந்திருக்கும்.

உண்மை என்னவென்றால், சும்மா. நடக்க வேண்டும் என்று ஆசை, அவ்வளவுதான்.

பாளையம்பட்டியில் மெயின் ரோட்டை ஒட்டி எங்கள் பலசரக்குக் கடை. கல்யாணமாகி வந்த மறுமாதமே அந்தக் கடைக்குள் ஏறி நின்றவள் நான், இருபத்தாறு வருஷமாகிவிட்டது. ஒவ்வொரு தை மாதமும் பச்சை உடுத்திய கூட்டம் எங்கள் வாசல் வழியாகத் திருச்செந்தூருக்கு நடந்து போகும். கற்பூரம், பிஸ்கட், காலுக்குத் தேய்க்கிற தைலம் எல்லாம் எங்களிடம்தான் வாங்குவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் வயதை ஒத்த ஒரு அம்மாள் கடலைமிட்டாய் ஒன்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் வீசிக்கொண்டு போனாள். நான் பார்த்தது அந்தக் கைகளைத்தான். இரண்டிலும் ஒன்றுமே இல்லை. பையில்லை, குடமில்லை, பிள்ளையில்லை, போன் கூட இல்லை. நான் எப்போதாவது அப்படி நடந்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டிலிருந்து கடைக்கு வரும் தூரத்தில் கூட ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, மறு கையில் சாவிக்கொத்து. அன்றைக்குப் பிடித்த ஆசை.

இதைப் போய் பருப்பு நிறுக்கிற மனிதரிடம் சொல்ல முடியுமா? ஐம்பது தாண்டிய பொம்பளை, கடையைப் போட்டுவிட்டு ஐந்து நாள் கையை வீசிக்கொண்டு நடக்கப் போகிறேன் என்றால், "ஏய், கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பொட்டலத்தை மடிக்கப் போய்விடுவார். அதனால் வாய் தானாக ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டது.

"வேண்டுதல்."

"என்ன வேண்டுதல்?"

"நிறைவேத்துறதுக்கு முன்னாடி வெளிய சொல்லக் கூடாதுல்ல."

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். வேண்டுதலை முன்கூட்டிச் சொன்னால் பலிக்காது என்பது அவ்வளவு கெட்டியான நம்பிக்கை. அவரும் வாயை மூடிக்கொண்டார். முருகன் பெயரில் பொய் சொல்லிவிட்டோமே என்று எனக்குப் பயம் வந்ததா என்றால், கொஞ்சம் வந்தது. சந்தோஷம் அதைவிட அதிகமாக வந்தது. ஒளிப்பானேன்.

ஆனால் ஒரு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. வேண்டுதல் என்று சொல்லிவிட்டு, என்ன வேண்டுதல் என்று சொல்லாமல் விட்டால், வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் அது தனக்காகத்தான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

முதலில் நினைத்தது என் வீட்டுக்காரர். மறுநாள் சாயங்காலம் டீயோடு நான் வைத்த காராச்சேவுத் தட்டை அப்படியே தள்ளிவைத்தார். "வேணாம்" என்றார். எண்ணெயில் பொரித்த எதையும் வேண்டாமென்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்த நாள் காலையில் வெறும் வயிற்றோடு அருப்புக்கோட்டைக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். சுகர் பாருங்கள், சுகர் பாருங்கள் என்று இரண்டு வருஷமாக நான் கெஞ்சியும் அசையாத மனிதர். ரிசல்ட் காகிதத்தை என் முன்னால் வைத்தார். சுகர் எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றிருந்தது, தாண்டவில்லை.

"நீ வாய தொறந்து சொல்ல வேணாம்" என்றார். "எனக்கு வெளங்கிருச்சு."

சிரிப்பை அடக்க முடியாமல் நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

அன்றைக்கே சென்னையிலிருந்து மகள் போன் போட்டாள். எடுத்ததும் சண்டைதான். "எனக்காக நீ ஒண்ணும் நடக்க வேண்டாம். பிள்ளை வேணும்னு உன்கிட்ட வந்து அழுதேனா? நாங்களே ரெண்டு வருசம் போகட்டும்னுதான் தள்ளி வச்சிருக்கோம்" என்று பொரிந்து தள்ளினாள். அவளுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷமாக, பார்க்கிற ஆட்களெல்லாம் "விசேஷம் உண்டா?" என்று கேட்டு என்னைத் துளைத்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குள்ளும் ஒரு பயம் இருந்தது. அதை அவளிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. இப்போது கேட்காமலேயே பதில் வந்துவிட்டது. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. மூன்றாம் நாள் அவளிடமிருந்து கூரியரில் ஒரு பெட்டி வந்தது. பிரித்தால், ரோஸ் நிறத்தில் ஒரு ஜோடி நடக்கிற ஷூ. என் ஆயுளில் ஷூ போட்டதில்லை.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் இரண்டு நாள் பேசவே இல்லை. பிறகு கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உனக்கு யாரும்மா சொன்னா?" என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்த மாதிரி "ம்" என்றேன். "என் மனச மாத்தணும்னு முருகன்கிட்ட முறையிடப் போறியா? அந்தப் பிள்ளை நல்ல பிள்ளைம்மா. என் கூடத்தான் வேலை பாக்குது. பாலவனத்தம்தான் அவுக ஊரு." இங்கே பஸ் ஏறினால் போய்விடுகிற பாலவனத்தத்தில் ஒரு பெண்ணைக் கண்டுபிடிக்க என் மகன் கோயம்புத்தூர் வரைக்கும் போக வேண்டியிருந்திருக்கிறது. "எல்லாம் முருகனுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். ஒரே வாரத்தில் வீட்டு ரகசியம் அத்தனையும் என் மடியில் வந்து விழுந்துகொண்டிருந்தது.

சிரித்துக்கொண்டே இருந்தவளை நிறுத்தியது மதினிதான். என் வீட்டுக்காரரின் அக்கா. திருச்சுழியில் இருக்கிறார். எங்கள் மகள் கல்யாணத்தில் சீர்த் தட்டு வைக்கிற வரிசையில் தன்னைப் பின்னால் தள்ளிவிட்டோம் என்று ஒரு கோபம். அதிலிருந்து பேச்சு வார்த்தை அளவாகத்தான். போன வருஷம் அவருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது நான் ஒருநாள் போய் நாலு ஆப்பிளைக் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிவிட்டேன். அந்த மதினி ஒரு பை நிறைய எள்ளுருண்டையோடு வந்து இறங்கினார். கடைக்குள் ஏறி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஆபரேசன் ஆனப்ப வேண்டிக்கிட்டதுதான தாயி? நான் உன்னைய என்னென்னமோ நினைச்சுட்டேனே."

அழுதார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இல்லை மதினி, உங்களுக்காக நான் ஒரு கற்பூரம் கூட ஏற்றியதில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அவர் மனம் உடையும். என் நடை நிற்கும். இந்த இரண்டில் எதற்காக நான் சும்மா இருந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தீர்மானமாகத் தெரியாது. எள்ளுருண்டை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

இருபத்தொரு நாளுக்கு மாலை போட்டேன். மாலை போட்டவர்களைப் பெயர் சொல்லியோ ஏய் என்றோ கூப்பிடக்கூடாது, சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். கட்டிய புருஷனுக்கும் அதே சட்டம்தான். "இந்தா", "ஏய்" என்ற இரண்டு வார்த்தையில் குடும்பம் நடத்தியவர் என் வீட்டுக்காரர். முதல் நாள் காலையில் அடுப்படி வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். "சாமி, தோசை மாவு எங்க இருக்கு... சாமி?" கடையில் தவறிப்போய் ஒருநாள், "ஏய், அந்த உப்புப் பாக்கெட்ட" என்று கத்திவிட்டு, உப்பு வாங்க வந்தவர்கள் முன்னாலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த இருபத்தொரு நாள் போல என் வாழ்க்கையில் இன்னொரு இருபத்தொரு நாள் வராது.

பொய்க்குத் தண்டனையும் கிடைத்தது. எங்கள் குழுவை அழைத்துப் போன குருசாமி என் ரோஸ் ஷூவைப் பார்த்தார். "சும்மா கூட வாரவுக போட்டுக்கலாம். வேண்டுதல்காரவுக வெறுங்கால்தான்" என்றார். சும்மா வருகிறவள்தான் நான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஷூவைக் கழற்றிக் கூட வந்த வண்டியில் போட்டேன். என் கால்களை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார், வழியனுப்ப வந்த வீட்டுக்காரர். வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தார். எனக்குக் காதில் விழவில்லை.

நடந்தேன். பந்தல்குடி தாண்டும் வரை கையை எப்படி வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. இடுப்பில் வைத்தேன், கட்டிக்கொண்டேன், முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு கை தானாக வீச ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் கரிசல் காடு, மக்காச்சோளம் அறுத்து முடித்த தட்டை, கண்ணுக்கு எட்டும் தூரமெல்லாம் வேலிக்கருவை முள். பார்க்க என்ன இருக்கிறது என்று பஸ்ஸில் போகிறவர்கள் தூங்கிவிடும் ஊர்தான். எனக்கு அலுக்கவே இல்லை. மத்தியானத் தாரில் கால் பொரிந்தது. எட்டயபுரத்தில் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். யார் யாரோ பந்தல் போட்டு மோரும் தக்காளிச் சாதமும் கொடுத்தார்கள். சமைத்தது நானில்லை, பரிமாறியது நானில்லை, பாத்திரம் கழுவப் போவதும் நானில்லை. அந்தச் சாதத்துக்கு அப்படி ஒரு ருசி.

மதினி ஞாபகம் வரும்போதெல்லாம் மட்டும் உறுத்தும். அப்போது, "அவுகளையும் பாத்துக்கோ" என்று ஒரு வார்த்தை முருகனிடம் சொல்லிவைப்பேன். தாமதமான கற்பூரம்தான், ஆனாலும் மனதாரச் சொன்னது.

வீட்டுக்காரர் மணிக்கொருதரம் போன் செய்தார். "எங்க இருக்கீக சாமி? கால் எப்படி இருக்கு சாமி?" கூட வந்த பெண்களெல்லாம் அவர் கூப்பிடுவதைக் கேட்பதற்காகவே என் பக்கத்தில் நடந்தார்கள். கடைசி நாள் மட்டும் காலையிலிருந்து போன் வரவில்லை. நான் கூப்பிட்டால் போனை அணைத்துவைத்திருந்தார். ஆறுமுகநேரி வந்தது, அப்போதும் இல்லை. சுகர் கிகர் என்று ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்தேன். பக்கத்துக் கடைக்குப் போன் செய்தால், "உங்க கட விடியல்ல இருந்து தெறக்கலையே" என்றார்கள். சாவு விழுந்தாலொழியப் பூட்டாத கடை. கொப்புளத்தை மறந்து மீதி தூரத்தை நடந்தேனா ஓடினேனா தெரியாது.

தரிசனம் முடிந்து கடற்கரைக்கு வந்தேன். ஒரு மொட்டைத் தலைக்காரர் தலை நிறையச் சந்தனத்தைப் பூசிக்கொண்டு, என்னைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று விலகி நடந்தேன். "சாமி! சாமி!" என்று ஓடிவந்தார். குரல்தான் முதலில் புரிந்தது.

என் வீட்டுக்காரரின் முடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சட்டைப் பையில் சீப்பு இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை டை அடிப்பார். மூன்று குலதெய்வக் கும்பிடுகளில் முடி கொடுக்கச் சொல்லி பங்காளிகள் அத்தனை பேரும் நெருக்கியும் தப்பித்து வந்தவர். அந்தத் தலை இப்போது வெயிலில் பளபளவென்று இருந்தது.

"என்னங்க இது?"

"நீ வெறுங்காலோட கெளம்புனேல்ல. பத்திரமா வந்து சேந்துட்டா முடி தாரேன்னு அங்கயே வேண்டிக்கிட்டேன். வெளிய சொல்லக் கூடாதுல்ல. அதுக்குத்தான் போன அணைச்சு வச்சேன், பேசுனா உளறிருவேன்னு. இங்க ஒரு ஆளுகிட்ட போன் வாங்கி, ஆறுமுகநேரிய தாண்டிட்டீகன்னு குருசாமிட்ட கேட்டுத்தான் மொட்ட போட உக்காந்தேன்." சாமி என்பதும் நீ என்பதும் கலந்துகட்டி வந்தது அவருக்கு. பிறகு என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து கேட்டார். "எனக்கு முடிஞ்சிருச்சு, உனக்கும் முடிஞ்சிருச்சு. இனிச் சொல்லலாம். என்ன வேண்டுதல்?"

எத்தனையோ பொய் கையில் தயாராக இருந்தது. உங்கள் சுகருக்காக என்று சொன்னால் காலத்துக்கும் என்னைத் தலையில் வைத்து ஆடுவார். அந்த மொட்டைத் தலையைப் பார்த்தேன். அதன் முன்னால் பொய் வரவில்லை.

"ஒரு வேண்டுதலும் இல்லைங்க. சும்மா. நடக்கணும்னு ஆசையா இருந்துச்சு."

அவர் கை தானாகத் தலைக்குப் போயிற்று, முடியைக் கோதுகிற பழக்கத்தில். கோத ஒன்றுமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது.

"சும்மாவா?"

"சும்மாதான்."

கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபம் வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். பார்த்தால் தோள் குலுங்குகிறது. சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அடிப் பாவி. மொதல்லயே சொல்லிருந்தா என் முடியாச்சும் தப்பிச்சிருக்குமே."

"சொல்லிருந்தா விட்டுருப்பீகளா?"

யோசித்தார். கடையில் கூட அவர் அவ்வளவு நேரம் யோசித்து நான் பார்த்ததில்லை. "விட்டுருக்க மாட்டேன்" என்றார்.

என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, குதிகால் கொப்புளத்தைத் துண்டால் துடைத்துவிட்டார். துடைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"நடக்க எப்படி இருந்துச்சு?"

எதற்கு, யாருக்காக, என்ன வேண்டுதல் என்று ஊரே ஒரு மாதமாகக் கேட்டுவிட்டது. இதை யாரும் கேட்கவில்லை. எனக்குச் சட்டென்று அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். பந்தல்குடியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். கை வீச வராமல் திண்டாடியதை, தக்காளிச் சாதத்தை, உப்பளத்துப் பக்கம் அடித்த காற்றை. திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஜன்னலோரத்தை எனக்கு விட்டுவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தார். பஸ் அருப்புக்கோட்டைக்குள் நுழைந்தபோதும் நான் எட்டயபுரத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.