சொந்த ஊருக்கு வந்த சுற்றுலாப் பயணி

கிருமாம்பாக்கத்தில் ஏகநாதனுக்கு ‘சொல்தா’ என்று பேர்; பிரெஞ்சில் சிப்பாய். மீசை முளைக்கிற வயதில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர். புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டார்கள். சோறு போடுகிற நாடு போதும் என்று பிரான்சுக்குக் கையெழுத்துப் போட்டார். அப்பா தங்கவேல் கரும்புக்கொல்லையை விட்டு அசையாமல் இந்தியராகவே இருந்துவிட்டார். அன்றிலிருந்து பெற்றவர்களைப் பார்க்க வேண்டுமென்றாலும் ஏகநாதன் சுற்றுலா விசா வாங்கித்தான் வரவேண்டும். சட்டம் செய்கிற கூத்துக்கு அளவே இல்லை.

எழுபத்தெட்டாம் வருஷம், அப்பா படுக்கையில் கிடக்கிறார் என்று தந்தி வந்து ஓடி வந்தார். கிழவர் இதோ அதோ என்று இழுத்துக்கொண்டே கிடந்து, விசா முடியப் போகிற வாரத்தில் கண்ணை மூடினார். ஏகநாதன் ஒரே பிள்ளை. மொட்டை அடித்து, கொள்ளி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் நாளை எண்ணிப் பார்த்தார். பதினாறாம் நாள்தான் கருமாதி. அதுவரை இந்த மண்ணில் இருக்க அவருக்கு அனுமதி இல்லை.

சித்தப்பா மகன் இளங்கோவன் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

“ஆளே நேர்ல வரணுமாம்ண்ணே. நாளையோட கெடு முடியுது. தாண்டிட்டா கேஸ் போட்டு பிளேன் ஏத்திடுவாங்களாம்.”

“அது எப்பிடிடா?” என்றார் சித்தப்பா சின்னப்பிள்ளை. “கொள்ளி வச்சவன் கருமாதி முடியாம ஊரெல்ல தாண்டக் கூடாது. தாண்டுனா கருமாதிக்கு நான் வரமாட்டேன். பங்காளி ஒருத்தனும் வரமாட்டான்.”

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. போனால் பங்காளி இல்லாத கருமாதி, போகாவிட்டால் பிள்ளையே இல்லாத கருமாதி. ஏகநாதன் இரவு முழுக்கப் புரண்டார்.

விடிந்ததும், மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா நாகம்மாள் வாயைத் திறந்தாள். “போய்ட்டு வாடா. புள்ள இல்லாம இன்னா கருமாதி?”

ரோட்டில் நின்ற சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏகநாதன் அவரைத் திரும்பிப் பார்க்காமல் புதுச்சேரி பஸ்ஸில் ஏறினார்.

வெளிநாட்டவர் பதிவு செய்கிற போலீஸ் அலுவலகத்தின் வாசலில் காவலர் அவர் இடுப்பைத் தடவினார். கை நின்றது. வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சின்னக் கத்தி வெளியே வந்தது.

“போலீஸ் ஆபீசுக்குக் கத்தியோட வர்றியா நீ?”

கொள்ளி வைத்தவனிடம் எப்போதும் இரும்பு இருக்க வேண்டும் என்று சித்தப்பா செருகிவிட்டது அது. குளித்தாலும் படுத்தாலும் கூடவே இருந்ததில், அதை ஏகநாதன் மறந்தே போயிருந்தார். அந்நிய நாட்டுப் பாஸ்போர்ட்டும் இடுப்பில் கத்தியுமாக அவரை அதிகாரி முன் இழுத்துக்கொண்டு போனார்கள். அப்பா காரியமும் போச்சு, மானமும் போச்சு என்று நினைத்தார்.

அதிகாரி விசாவைப் பார்த்தார். பிறகு மொட்டைத் தலையைப் பார்த்தார்.

“சுற்றுலான்னு போட்டிருக்குது. இன்னா சுத்திப் பாக்க வந்தீங்க?”

“எங்கப்பாவ.” அதற்கு மேல் முடியாமல் ஏகநாதன் அழுதுவிட்டார்.

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

“கருமாதி என்னிக்கி?” என்று மட்டும் கேட்டார். அதற்கு மறுநாள் வரைக்கும் தேதி போட்டு முத்திரை குத்தினார். கத்தியைப் பாஸ்போர்ட்டின் மேல் வைத்துத் தள்ளினார். “இத மறக்காம எடுத்துக்குங்க. வெறுங்கையோட வழி நடக்கக் கூடாது.”

ஊரெல்லையில் சித்தப்பா ஒரு குடம் தண்ணீரோடு நின்றிருந்தார். அதை மடமடவென்று ஏகநாதன் தலையில் கவிழ்த்துவிட்டு முன்னால் நடந்தார். கோபம் தீரவில்லை, ஆனாலும் கருமாதிக்கு வருவார் என்று ஏகநாதனுக்குப் புரிந்தது. ஈர வேட்டியோடு வீட்டுக்குள் போனார்.

“எத்தினி நாளு குடுத்தான்?” என்று அம்மா கேட்டாள்.

“கருமாதி முடியிற வரைக்கும்மா.”

நாகம்மாள் தலையாட்டினாள். “அவருக்கு ஆச்சு. எனக்கு யாருடா குடுப்பான்?”