சிவப்புத் தொண்டைக் குட்டி

பக்கவாதம் வந்து விழுந்த வோல்ஃப்ராமுக்குக் கை கால் சீக்கிரமே சரியாகிவிட்டது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. டான்யூப் படகுகளில் எஞ்சின் பார்த்து, அந்த இரைச்சலுக்கு மேலே கத்தியே பழகியவர், ஜெர்மனியின் பாஸ்ஸாவ் நகரத்து ஆஸ்பத்திரி ஜன்னலோரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். மனைவி இலோனா தினமும் தன் தையல்கடையைப் பூட்டிவிட்டு வந்து, இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசினாள்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம். பனி மூடிய ஜன்னல் விளிம்பில், கழுத்தும் நெஞ்சும் சிவந்த ஒரு சின்னப் பறவை வந்து உட்கார்ந்தது.

"இங்க பாருங்களேன், டெர் ரோட்கேல்ஷன்!" என்றாள் இலோனா.

வோல்ஃப்ராமின் புருவம் சுருங்கியது. உதடு ஒருபக்கம் கோணியது.

"டாஸ்," என்றார்.

இலோனாவின் மடியில் கேக் தட்டு கவிழ்ந்தது.

அவள் ஹங்கேரிக்காரி. அவளுடைய மொழியில் பெயர்ச்சொல்லுக்கு ஆண், பெண் பேதமே இல்லை. ஜெர்மனிலோ எந்தப் பெயரையும் டெர் என்று ஆணாக்கியோ, டீ என்று பெண்ணாக்கியோ, இரண்டிலும் சேராவிட்டால் டாஸ் என்றோதான் சொல்லியாக வேண்டும். கல்யாணமான புதிதிலிருந்தே இந்தப் பறவையை வைத்து அவர்களுக்குள் சண்டை. 'ரோட்' என்றால் சிவப்பு, 'கேலே' என்றால் தொண்டை, அது ஜெர்மனில் பெண்பால்; 'ஷன்' குட்டி என்று செல்லமாக ஒட்டும் வால்.

இலோனா விடவில்லை. "தொண்டை பொம்பளைதானே? அப்ப டீன்னு சொல்லணும்!"

"ஷன்... ஷன் வந்தா... டாஸ்."

"அந்த வாலை ஒட்டிப் பொண்ணைக்கூட டாஸ்ங்கறீங்களே, வெக்கமா இல்ல?"

"இல்ல," என்றார் வோல்ஃப்ராம், தெளிவாக.

இலோனா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல், பேச்சுப் பயிற்சி தரும் பிர்கிட் ஓடி வந்தாள். "என்னங்க ஆச்சு?"

"என்னைத் திருத்துறாருங்க! பழையபடி திருத்துறாரு!"

"அப்ப இனிமே தப்புத் தப்பாவே பேசுங்க," என்றாள் பிர்கிட்.

இலோனாவுக்கு அது ஒன்றும் கஷ்டமாக இல்லை. ஆணான கரண்டியைப் பெண்ணாக்கினாள், பெண்ணான முள்கரண்டியை ஆணாக்கினாள். அதில் எது வேண்டுமென்றே செய்தது, எது தெரியாமல் செய்தது என்பது அவளுக்கே தெரியாது. வோல்ஃப்ராம் திருத்தித் திருத்தியே வார்த்தைகளை மீட்டார்.

ஈஸ்டருக்கு வீடு வந்தார். முதல் நாள் சாப்பாட்டில் சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல உப்பே இல்ல, இலோனா," என்றார், முழுசாக.

உப்பெடுக்கப் போனவள் அடுப்பருகே நின்று, இத்தனை வாரமாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த மூச்சை நிதானமாக விட்டாள்.